பொறுப்பேற்காத அறிமுகம்: சமூக ஊடக நட்புப் பரிந்துரை பற்றிய ஒரு திறனாய்வு

சமூக ஊடகத் தளங்கள், ஒரு பயனர் தேடாமலேயே சிலருடைய பெயரையும் படத்தையும் அவர் திரையில் நிறுத்தி, இவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம் என்று கூறும் வழக்கமே நட்புப் பரிந்துரை எனப்படுகிறது. முகநூல் 2008இல் இதனைத் தொடங்கியது. இன்று பெரிய தளங்கள் பலவற்றிலும் இது ஏதேனும் ஒரு வடிவில் உண்டு. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலையில் உள்ள கிளியனூரையும், கிழக்கே மரக்காணம் உப்பளங்கள் வரை பரந்த அதன் சுற்றுவட்டாரத்தையும் மனத்தில் வைத்து இவ்வழக்கத்தை எடைபோடுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அறிமுகம் என்பதை மிகுந்த எச்சரிக்கையோடு கையாண்டுவந்த சமூகம் அது. வேலைக்கானாலும் பெண் கேட்பதற்கானாலும், யார் சொல்லி வந்தீர்கள் என்ற கேள்விக்கு விடையில்லாமல் அங்கு வாசல் தாண்ட இயலாது.

பரிந்துரைக் கணக்கின் அடிப்படை எளிது. ஒருவருக்கு இரு நண்பர்கள் இருந்தால், அவ்விருவரும் நாளடைவில் தமக்குள் அறிமுகமாக வாய்ப்பு மிகுதி என்பதே அது. திறந்து கிடக்கும் முக்கோணத்தின் மூன்றாம் பக்கம் மூடிக்கொள்வதால் இதனை முக்கோண நிறைவு என்பர். டேவிட் லிபன்-நோவெல், ஜான் கிளைன்பெர்க் ஆகியோர் 2003இல், இருக்கும் உறவுகளின் வரைபடத்தை மட்டும் கொண்டு இனி தோன்றக்கூடிய உறவுகளைக் கணிக்கும் முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அவர்கள் ஒப்பிட்ட முறைகளுள் ஒன்று, லாடா அடாமிக், ஐடன் அடார் ஆகியோர் வகுத்த அளவை. அது பொது நண்பர்களின் தலைகளை எண்ணுவதோடு நில்லாமல், ஒவ்வொரு பொது நண்பருக்கும் எத்தனை நண்பர்கள் என்றும் பார்த்து, அந்த எண்ணிக்கையின் மடக்கையால் அவருடைய சாட்சியத்தின் எடையைக் குறைக்கிறது. பத்தே நண்பர்களை உடைய ஓர் அத்தையின் சாட்சியம் ஒன்று என்றால், ஆயிரம் நண்பர்களை உடைய கட்சிப் பொறுப்பாளரின் சாட்சியம் மூன்றில் ஒரு பங்குதான். ஊருக்கே தெரிந்தவரைத் தெரியும் என்பது பெரிய செய்தியன்று என்ற ஊரறிவு, இங்கே சூத்திரமாகியிருப்பது மதிக்கத்தக்கது.

தளங்கள் தம் முழுச் சூத்திரத்தை வெளியிடுவதில்லை என்றாலும், லார்ஸ் பேக்ஸ்ட்ரமும் யூரே லெஸ்கோவெக்கும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அதன் போக்கைக் காட்டுகிறது. முகநூலின் ஐஸ்லாந்துத் தரவை எடுத்துக்கொண்ட அவ்வாய்வில், அங்குப் புதிதாக உண்டான நட்புகளில் நூற்றுக்கு 92, ஏற்கெனவே நண்பரின் நண்பராய் இருந்தவருடன் ஏற்பட்டவை என்று தெரியவந்தது. ஆகவே நண்பரின் நண்பர் என்ற வட்டத்துக்குள் தேடுவது கணக்குக்கு மிகுந்த வெற்றி தருகிறது. இதனோடு, படித்த பள்ளி, பணியிடம், சேர்ந்திருக்கும் குழுக்கள், கைபேசியிலிருந்து பயனர் ஏற்றிய தொடர்புப் பட்டியல் ஆகியவையும் சான்றுகளாகச் சேர்கின்றன.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. மழைக்காலத்தில் மரக்காணத்துப் பாத்திகள் நீரில் மூழ்கி உப்பு விளைச்சல் நின்றபின், கூலி வேலைக்குச் செல்பவர்க்கு வேறு வேலை எங்கே கிடைக்கும் என்ற செய்தி உயிர்நாடியானது. அச்செய்தி, ஒரே உப்பளத்தில் உடன் உழைப்பவரிடமிருந்து வருவது அரிது, ஏனெனில் அவருக்கும் அதே செய்திதான் தெரியும். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ சென்று, ஊரோடு தொடர்பு தளர்ந்துபோன பழைய பள்ளித்தோழரிடமிருந்து வரவே வாய்ப்பு மிகுதி. மார்க் கிரனவெட்டர் 1973இல் இத்தகைய மெலிந்த இணைப்புகளின் வலிமையை விளக்கினார். லிங்க்ட்இன் தளத்தின் நட்புப் பரிந்துரையையே மாற்றி மாற்றி அமைத்து, ஐந்தாண்டுகளில் இரண்டு கோடிக்கு மேற்பட்டோரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியாகி, ஓரளவு மெலிந்த இணைப்புகளே வேலை மாற்றத்துக்கு மிகுதியும் உதவின என்று காட்டியது. தம் வேலைவாய்ப்பைத் தொடும் சோதனையில் தாம் இருப்பது அப்பயனர்களுக்குத் தனியே அறிவிக்கப்படவில்லை என்பதும் உடன் நினைக்கத்தக்கது. எனினும், தொலைந்த தோழரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும் ஆற்றல் வேறெந்தக் கருவிக்கும் இந்த அளவில் இருந்ததில்லை.

குறை தொடங்கும் இடமும் அந்த முக்கோணமே. ஐஸ்லாந்தின் வரைபடத்தை மூடுவது வேறு, வட தமிழ்நாட்டுச் சிற்றூரின் வரைபடத்தை மூடுவது வேறு. ஊர் ஒருபுறமும் தலித் மக்களின் குடியிருப்பான காலனி ஒருபுறமுமாக அமைந்த இடங்களில், இரு புறத்தாரும் ஒரே பேருந்தில் ஏறினாலும் ஒரே கடையில் பொருள் வாங்கினாலும், ஒருவர் எண் மற்றவர் கைபேசியில் பதிவாகும் வாய்ப்பு குறைவு. பொது நண்பரை எண்ணும் கணக்கு, ஊர்க்காரருக்கு ஊர்க்காரரையும் காலனிக்காரருக்குக் காலனிக்காரரையுமே மேலே நிறுத்தும். அப்பரிந்துரை ஏற்கப்பட்டதும் முக்கோணங்கள் பெருகி, அடுத்த பரிந்துரை இன்னும் உறுதியாக அதே புறத்தைக் காட்டும். கணக்கு சாதியைக் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்காமலே கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் கேட்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை என்பதும் உண்மை. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. ஆவணத்தில் அழியும் எல்லை, தொடர்புப் பட்டியல்களின் வடிவில் நாள்தோறும் புதிதாக வரையப்படுகிறது. 2013 ஏப்ரல் 25 அன்று சாதி மோதலைக் கண்ட மரக்காணம் வட்டாரத்தில், ஒருபுறத்து வதந்தியை மறுக்கக்கூடிய மறுபுறத்து நண்பர் ஒருவரும் திரையில் இல்லாத நிலை அற்பமான குறையன்று.

இரண்டாவது குறை இதற்கு நேர்மாறானதாகத் தோன்றும்: சேரக் கூடாதவரை இது சேர்த்துவிடுகிறது. தொடர்புப் பட்டியலை ஏற்றுபவர் தம் செய்தியை மட்டும் கொடுப்பதில்லை. அதில் உள்ள நூற்றுக்கணக்கான பிறருடைய எண்களை, அவர்களைக் கேளாமலே கொடுக்கிறார். ஒரு பெண் தன் எண்ணை யாருக்கும் சொல்லாமல் இருந்தாலும், ரீசார்ஜ் கடைக்காரரும் கடன் வசூலிப்பவரும் அதனைத் தத்தம் கைபேசியில் வைத்திருந்தால், அவ்வெண்ணைக் கொண்டு அவள் தொடங்கிய கணக்கு அவர்கள் திரையில் தோன்ற வழி ஏற்படுகிறது. அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் நண்பர்களாகப் பரிந்துரைக்கப்பட்டதைக் கஷ்மீர் ஹில் என்ற இதழாளர் 2016இல் வெளிக்கொணர்ந்தார். அதே ஆண்டு, பயனரின் இருப்பிடமும் பரிந்துரைக்கு ஒரு சான்று என முதலில் அவரிடம் கூறிய முகநூல், பின்னர் அதனை மறுத்தது. ஒரே கைபேசியை வீட்டார் பலர் பயன்படுத்துவதும், கைவிடப்பட்ட எண் 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்கு வழங்கப்படக்கூடும் என்பதும் இந்தியச் சூழலில் இச்சிக்கலைப் பெருக்குகின்றன. பழைய உரிமையாளரின் உறவுகள் புதியவரின் மேல் வந்து ஒட்டுகின்றன. காதலை மறைத்து வைத்திருக்கும் இருவருக்கும், கணவன் வீட்டை விட்டு வந்துவிட்ட பெண்ணுக்கும், இத்தகைய தவறான ஒரு முகம் திரையில் தோன்றுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பிரிவைக் கெட்டிப்படுத்துவதும் மறைவைக் குலைப்பதும் ஒரே கணக்கின் செயல்களாக இருப்பது முரண் போலத் தெரிந்தாலும், இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஒருவர் விட்டுச்சென்ற தடயத்தை அவருடைய விருப்பமாக இக்கணக்கு படிக்கிறது. எண் பதிவாகாதது விலக்கின் விளைவாக இருக்கலாம். அதனைத் தொடர்பின்மை என்று எடுத்துக்கொள்கிறது. எண் பதிவானது கட்டாயத்தின் விளைவாக இருக்கலாம். அதனை நெருக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. மேஸ்திரியோ தரகரோ செய்யும் அறிமுகமும் சாதி எல்லைக்குள் நின்றதுதான், அதில் பழம்பெருமை பேச ஒன்றுமில்லை. ஆயினும் அந்த அறிமுகம் கெட்டுப்போனால் அவரைத் தேடிச் சென்று கேட்க முடிந்தது. இன்னாரை ஏன் இன்னாரிடம் கொண்டுபோய் விட்டாய் என்று அவர் முகம்பார்த்துக் கேட்க முடிந்தது. தளம் செய்யும் அறிமுகத்துக்குப் பிணை நிற்பவர் எவருமில்லை.

வெற்றியை அளக்கும் அளவுகோலும் இப்பொறுப்பின்மையை வளர்க்கிறது. புதிய பயனர் ஒருவர் 10 நாட்களுக்குள் 7 நண்பர்களை அடைய வேண்டும் என்பது முகநூலின் தொடக்ககால வளர்ச்சிக் குழுவின் புகழ்பெற்ற இலக்கு. விடுக்கப்பட்ட கோரிக்கையும் ஏற்கப்பட்ட கோரிக்கையும் எண்ணத்தக்கவை. பரிந்துரையைக் கண்டு அஞ்சி ஒருத்தி தன் படத்தை நீக்கிவிட்டு ஒதுங்கியது எண்ணத்தக்கதன்று. நண்பர்களைப் பரிந்துரைக்கும் அதே மனப்பாங்கு குழுக்களைப் பரிந்துரைக்கும்போது என்னவாகிறது என்பதை அந்நிறுவனத்தின் ஆய்வாளரே 2019 பிப்ரவரியில் சோதித்தார். கேரளத்தில் வாழும் ஒருவரைப்போல் கணக்குத் தொடங்கி, தளம் பரிந்துரைத்தவற்றை எல்லாம் ஏற்றுக்கொண்டே சென்ற அவர், சில வாரங்களில் வெறுப்புப் பேச்சும் வன்முறைப் படங்களும் பொய்ச்செய்திகளும் நிறைந்த ஓடையில் நின்றார்.

சட்டத்தில் சிறிது வழி திறந்திருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது கட்டற்றதாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும், அறிந்து அளித்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காகப் பிறர் எண்ணை வைத்திருப்பதை அச்சட்டம் தீண்டுவதில்லை. அப்பட்டியலைப் பெற்று வணிகத்துக்குப் பயன்படுத்தும் நிறுவனத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது என்றே கொள்ள வேண்டும். பரிந்துரைக் கணக்கின் முதன்மைக் காரணிகளைத் தளங்கள் வெளிப்படையாகக் கூற வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு எண்ணிமச் சேவைச் சட்டம் விதிக்கிறது.

வெளிப்படைத்தன்மை மட்டும் போதாது. பரிந்துரைக்கப்படுபவரின் இசைவு முதலில் வேண்டும். இன்று பரிந்துரையைப் பெறுபவருக்கு அதனை நீக்கும் பொத்தான் இருக்கிறது. யார் யார் திரையில் தாம் காட்டப்பட்டோம் என்பது காட்டப்படுபவருக்குத் தெரியவே வழியில்லை. இசைவு கேட்டால் புதியவரின் திரை வெறுமையாய் இருக்கும் என்பது தளங்கள் சொல்லக்கூடிய மறுப்பு. அவ்வெறுமையைப் பள்ளி, ஆண்டு, தொழில் என்று அவரவர் தாமே சொல்லிக்கொண்ட அடையாளங்களால் பெரிதும் நிரப்ப இயலும். கிளியனூரிலிருந்து வெளியேறிய பள்ளித்தோழரைக் கண்டெடுக்க அவை போதும். ரீசார்ஜ் கடைக்காரரின் தொடர்புப் பட்டியல் அதற்குத் தேவையே இல்லை.