பிரதிக்கும் ஓட உரிமை உண்டு

தமிழ் விமர்சனத்தில் 'பிரதி' என்றால் எழுத்து. ஜெராக்ஸ் கடையில் பிரதி என்றால் நகல். பழைய பந்தயக் கார்களுக்கான எஃப்ஐஏவின் விதிநூலான 'அப்பெண்டிக்ஸ் கே'யை வாசித்தபோது இந்த இரண்டு அர்த்தமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன. வறண்ட அலுவலக மொழிதான். ஆனாலும் அசல் என்பதைப் பற்றி இவ்வளவு கறாராக யோசித்த எழுத்தைச் சமீபத்தில் நான் படிக்கவில்லை.

அது காலத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைக்கிறது. 1962 முதல் 1965 வரை ஒரு காலகட்டம், 1966 முதல் 1969 வரை இன்னொன்று, இப்படி. அந்தந்தக் காலத்தில் அந்த மாடலில் இருந்த பிரேக், சஸ்பென்ஷன், கார்புரேட்டர்தான் இருக்க வேண்டும். ஒத்துப்போனால் 'ஹிஸ்டாரிக் டெக்னிக்கல் பாஸ்போர்ட்' கிடைக்கும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: அந்தப் பாஸ்போர்ட் வண்டியின் உடம்பைத்தான் விவரிக்கிறது, வரலாற்றுக்குச் சாட்சி சொல்வதில்லை. அதனால் 1963இல் பிறந்த கார், நடுவில் யாரோ நவீன பாகங்களை மாட்டிவிட்டிருந்தால் வெளியே. அதே அளவுகளில் பிற்காலத்தில் செய்த கார் உள்ளே.

ஜாகுவாரை எடுத்துக்கொள்வோம். எடை குறைத்த இ-டைப் பந்தயக் கார்களுக்கு அந்த நிறுவனம் 18 எண்களை ஒதுக்கியது, 1963-64இல் கட்டியதோ 12தான். மிச்சம் ஆறு எண்கள் ஐம்பது வருடம் சும்மா கிடந்தன. 2014இல் ஜாகுவாரே அந்த ஆறையும் கட்டப்போவதாக அறிவித்தது. பழைய 12இல் ஒன்று ஜெர்மானிய ஓட்டுநர் பீட்டர் லிண்ட்னருடையது. 1964இல் பிரான்சின் மாண்ட்லெரி பந்தயத்தில் அது நொறுங்கியது. லிண்ட்னர் இறந்தார், வேறு சிலரும் இறந்தார்கள். பல வருடம் கழித்து ஓர் ஆங்கிலேயப் பட்டறை அந்தக் கசங்கிய அலுமினியத்தைத் தூக்கி எறியாமல் தட்டித் தட்டி நிமிர்த்தியது. ஏழாயிரம் மணி நேரத்துக்கும் மேல் ஆனதாம். 2011இல் வண்டி மறுபடி ஓடியது.

பாஸ்போர்ட்டின் கண்ணுக்கு லிண்ட்னரின் காரும் புது ஆறில் ஒன்றும் ஒன்றேதான்.

முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. ஆனால் நான் பிழைப்புக்குக் கோட் எழுதுகிறவன். ஸ்பெசிஃபிகேஷனுக்கு ஒத்துப்போகிறதா என்றுதான் டெஸ்ட் கேட்கும், எந்த ராத்திரி யார் கண்விழித்து எழுதியது என்று கேட்காது. பந்தயத்துக்கு வேண்டியதும் அதுதான். ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ 2018இல் 48.4 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. அந்த விலை வண்டியை வளைவில் இன்னொருத்தன் பம்பரோடு யார் உரசவிடுவார்கள்? பிரதிகளை விடாவிட்டால் மைதானம் பாதி காலியாகிவிடும்.

அதோடு அந்த ஜிடிஓவே என்ன யோக்கியம்? பெயரிலுள்ள 'ஓ' ஓமொலொகாட்டோ, அதாவது அங்கீகாரம் பெற்றது. அந்தப் பிரிவில் ஓட 100 கார்கள் கட்டியிருக்க வேண்டும். ஃபெராரி கட்டியது 36. ஏற்கெனவே இருக்கும் 250 ஜிடியின் திருத்திய வடிவம்தான் இது என்று காகிதத்தில் சொல்லித் தப்பித்தது. விதியை ஏமாற்றிப் பிறந்த ஒன்றுக்குத்தான் பிரதிகள் இன்று ஆணி பிசகாமல் உண்மையாக இருக்க வேண்டியிருக்கிறது. சிரிக்காமல் என்ன செய்வது?

நீதிமன்றத்தின் பார்வை வேறு. 1929, 1930 இரண்டு வருடமும் லு மான் ஜெயித்த பென்ட்லி 'ஓல்டு நம்பர் ஒன்' 1932இல் புரூக்லண்ட்ஸில் விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் கிளைவ் டன்ஃபி செத்துப்போனார். அதற்கு முன்பும் பின்பும் பாகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1990இல் அதன் விற்பனை லண்டன் நீதிமன்றத்துக்குப் போனபோது, 1929இன் இரும்பு அதில் கொஞ்சம்தான் மிச்சம். ஆனாலும் அது ஒருபோதும் இல்லாமல் போகவில்லை, வரலாறு அறுபடவில்லை, அதனால் அதே வண்டிதான் என்றார் நீதிபதி.

எனக்கு இரண்டு தீர்ப்பும் வேண்டும், ஆனால் ஒரே தாளில் வேண்டும். விதிநூல் மீது என் புகார் பிரதிகளை அனுமதிப்பதில் இல்லை, அனுமதித்த பிறகு அது காட்டும் மௌனத்தில். அந்த மௌனத்தைச் சந்தை நிரப்பிவிடுகிறது. விற்கிறவன் பாஸ்போர்ட்டை ஜாதகம் மாதிரி நீட்டுகிறான். முதல் பக்கத்தில், எந்த வருடத்து மாடல் என்பதற்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், எந்த வருடம் கட்டியது என்றும் அச்சிடட்டும். பந்தய வரிசையில் வண்டிகள் வந்து நிற்கும்போது அறிவிப்பாளர் இரண்டு வருடத்தையும் வாசிக்கட்டும். அப்புறம் கொடி அசையட்டும்.