கழுத்து நிற்கும் பாவைப்பிள்ளை

துணியில் செய்த பாவைப்பிள்ளை ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது அதன் கழுத்தை. முகத்தை யாரும் எப்படியாவது வரைந்துவிடலாம். செய்தவரின் கைத்திறன் தெரிவது கழுத்துக் கட்டில்தான். நூல் தளர்ந்திருந்தால் தலை ஒரு பக்கம் சாயும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் தலை வேறு உடல் வேறாகிவிடும். மண்டைதீவில் என் அம்மம்மா செய்த பாவைப்பிள்ளைகளுக்கு ஒரு நாளும் தலை தொங்கியதில்லை. "வடிவாய் இறுக்கிக் கட்டு பிள்ளை. கழுத்து நிக்காட்டி உன்ர பிள்ளைக்கு நித்திரை வராது" என்பார். பொம்மை என்பது எங்கள் வீட்டில் கடைச் சாமானுக்கு உரிய பெயர். கையால் செய்தது பாவைப்பிள்ளை. அந்தப் பெயரில் பிள்ளையும் இருப்பதால் அதைத் தூக்குகிற விதமும் மாறிவிடும்.

யாழ்ப்பாணம் பண்ணையிலிருந்து கடலுக்கு நடுவே போகும் தெருவில் முதலில் வருகிற தீவு மண்டைதீவு. இரண்டு பக்கமும் ஆழமில்லாத பரவைக் கடல். மாரியில் அங்கே வந்து நிற்கும் பூநாரைகள் வெயில் ஏறத் தொடங்கியதும் போய்விடும். அதன்பிறகுதான் எங்கள் இளவேனில். சித்திரையிலும் வைகாசியிலும் வேம்பு பூக்கும். விடியலில் வேப்பமரத்தின் கீழ் பழைய சீலையை விரித்து விடுவோம். உதிர்ந்த பூவை அள்ளிப் புடைத்து, உழுந்தோடு சேர்த்து வடகம் தட்டி வெயிலில் காயவைப்பார்கள். பகலில் நுங்கு. பெருவிரலால் கண்ணைத் தோண்டி உறிஞ்சிவிட்டுக் கோம்பையை மாட்டுக்குப் போடுவோம். பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவோம். காசு கொடுத்து வாங்க வேண்டியது இவற்றில் ஒன்றுமில்லை.

பாவைப்பிள்ளை பிறக்கும் பருவமும் இதுதான். அதற்குக் காரணம் இருக்கிறது. பங்குனி வெயிலில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு வெளியே வரும். தலையணைக்குப் பஞ்சு அடைக்கும் வேலை வீட்டில் தொடங்கும்போது ஒரு பிடி பஞ்சு எங்கள் பங்குக்குக் கிடைக்கும். இலவம்பஞ்சு லேசானது, தண்ணீரை உறிஞ்சாதது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளுக்குள்ளே அதைத்தான் அடைத்தார்கள். கடற்கரைப் பிள்ளையின் பாவைக்கு அதைவிடப் பொருத்தமான வயிறு வேறென்ன?

இன்னொரு பங்கு வருடப்பிறப்பிலிருந்து வரும். சித்திரை முதல் நாள் மருத்துநீர் வைத்துத் தலைமுழுகிப் புதுத்துணி உடுப்பது எங்கள் வழக்கம். அந்த ஆண்டுக்குரிய ஆடை நிறத்தைப் பஞ்சாங்கம் சொல்லும். தையல் வேலைகள் முடியும்போது தரையெங்கும் வெட்டுத் துண்டுகள் கிடக்கும். பாவாடையும் சட்டையும் எங்களுக்கு, துண்டு பாவைப்பிள்ளைக்கு. ஆகவே பாவையின் உடையைப் பார்த்தே அது எந்த வருடப்பிறப்புக்குப் பிறந்தது என்று சொல்லிவிடலாம். மஞ்சட் கரை வைத்த சிவப்பென்றால் ஓர் ஆண்டு, பச்சையென்றால் வேறோர் ஆண்டு. ஒரு வீட்டின் நாட்குறிப்பு இப்படித் துணியிலும் எழுதப்பட்டு வந்தது.

உடை புதியது, ஆனால் உடல் பழைய துணியாகத்தான் இருக்க வேண்டும். இந்தக் கலையின் நுட்பம் இங்கே இருக்கிறது. அம்மம்மா எடுப்பது பலமுறை தோய்த்துக் கஞ்சியெல்லாம் போன நூல்சீலை. புதுத்துணி விறைத்து நிற்கும், மடிப்பு விழுந்தால் கலையாது. பழந்துணி பஞ்சின் வடிவத்துக்கு இணங்கிப் போகும். அதையும் நேர்வாட்டமாக வைக்கமாட்டார். மூலைவாட்டமாக வைத்து, நடுவில் பஞ்சுருண்டையை வைத்து இழுத்தால் துணி சற்று நெகிழ்ந்து சுருக்கமில்லாமல் தலையை மூடும். மிஞ்சிய மடிப்பெல்லாம் பிடரிக்குப் போய்விடும். பிறகு கழுத்துக்கட்டு. அதன் கீழே ஒரு துண்டை இறுகச் சுருட்டிக் குறுக்கே வைத்து, நெஞ்சில் நூலைப் பெருக்கல் குறிபோல் சுற்றினால் கைகள். கால் பெரும்பாலும் இருக்காது. பாவாடை இருக்கும்போது கால் எதற்கு? கறுப்பு நூல் கூந்தலாகும். நூல் இல்லாவிட்டால் தேங்காய்த் தும்பு. சட்டையின் முன்னால் அப்பாவின் பழைய சேட்டில் கழன்ற தெறி ஒன்று.

முகத்துக்கு அவர் செலவிட்டது மூன்று நான்கு தையல்தான். கண்ணுக்குக் கறுப்பு நூலில் ஒவ்வொரு சிறு தையல், பொட்டுக்குச் சிவப்பில் ஒன்று. வாய் சில பாவைகளுக்கு இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. வாயில்லாத பாவைகளே எனக்கு மேலானவை. சிரிக்கிற வாயைத் தைத்துவிட்டால் அது பிள்ளை அழும்போதும் சிரித்துக்கொண்டிருக்கும். வாய் இல்லாத முகம் பிள்ளையோடு சேர்ந்து அழும், கோபிக்கும், தூங்கும். கொலுப்படியில் வைக்கும் பொம்மையைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அதற்கு முடிந்த முகம் தேவை. இது இடுப்பில் ஏறுகிற பாவை. மீதி முகத்தைப் பிள்ளை செய்துகொள்ளும்.

சித்திரை விடுமுறையில் வேப்பமர நிழலில் பாவைப்பிள்ளைக்குக் கலியாணம் நடக்கும். பூவரசம் பூ மாலையாகும், சிரட்டையில் மண்சோறு வேகும், பீப்பீதான் நாதஸ்வரம். இந்தக் கடற்கரை விளையாட்டுக்குத் தமிழில் நீண்ட வயது. சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் சிற்றில் கட்டி வண்டற்பாவை செய்கிறார்கள். கோரைப்புல்லால் செய்த பஞ்சாய்ப் பாவையையும் அங்கே காணலாம். கையில் அகப்பட்டதைப் பிள்ளையாக்குவது அன்றும் இன்றும் ஒன்றுதான். துணியும் இந்தத் தீவுகளுக்கு அந்நியமல்ல. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத் தீவுகளிலும் மன்னாரிலும் சாயவேர் தோண்டினார்கள். துணிக்குச் சிவப்பு ஏற்றிய வேர் அது.

உலகம் முழுவதும் இந்தக் கை ஒரே மாதிரித்தான் வேலை செய்திருக்கிறது. லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ரோமர் கால எகிப்துப் பிள்ளை ஒன்றின் பாவை இருக்கிறது. முரட்டு லினன் துணிக்குள் கந்தலும் பாப்பிரஸும் அடைத்துச் செய்தது. பல்கேரியாவில் மார்ச் முதல் நாள் சிவப்பும் வெள்ளையுமான நூலில் ஆணும் பெண்ணுமாகச் சிறு பாவைகள் செய்து உடையில் குத்திக்கொள்கிறார்கள். பூத்த மரத்தைக் கண்டதும் கழற்றி அதன் கிளையில் கட்டிவிடுவார்கள். வசந்தத்தைப் பாவையால் வரவேற்கும் அந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2017இல் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய 'பெயர்ஃபுட்' நிறுவனத்தின் கைத்தறிப் பொம்மைகள் புகழ்பெற்றவை. அவற்றின் நிறச் சேர்க்கை அபாரம். ஆனாலும் அவை புதுத்துணிப் பிள்ளைகள். யாருடைய சீலையின் வாசமும் அவற்றில் இல்லை.

அந்த வாசத்தின் அருமையை நான் 1990இல் அறிந்தேன். போரால் தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட அந்த ஆண்டு, கையில் கொண்டுபோகக்கூடியது உடுதுணி மூட்டை ஒன்றுதான். மூட்டைக்குள் பாவைப்பிள்ளையை நான் செருகியதை யாரும் தடுக்கவில்லை. அதுவும் துணிதானே! வீட்டுக் கதவு, கிணறு, வேப்பமரம் எல்லாம் பின்னால் நின்றுவிட, அம்மம்மாவின் சீலை மட்டும் ஒரு சிறு உடலாக எங்களோடு வந்தது.

துணிப்பாவைக்கு ஆற்றும் வலிமை உண்டென்று தமிழ்நாட்டுக் கரையும் காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்பகம் அருகிலுள்ள மீனவக் கிராமப் பெண்களுக்கு வெட்டுத் துண்டுகளில் பாவை செய்யக் கற்றுக்கொடுத்தது. விரலளவான அந்தப் பாவையின் பெயர் சுனாமிகா. அதை விற்பதில்லை, கொடுப்பது மட்டுமே. கடலைப் பார்க்கவே அஞ்சியிருந்த கைகள் ஊசி நூலைப் பிடித்துச் செய்த அந்தப் பாவைகள் பல நாடுகளுக்குப் போயின.

அம்மம்மா இப்போது இல்லை. அவருடைய பாவை என்னிடம் இருக்கிறது. நிறம் மங்கி, ஒரு கண் தையல் அவிழ்ந்துவிட்டது. கழுத்து நிற்கிறது.

வருகிற சித்திரைக்குப் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை தைப்பீர்கள். அதன் வெட்டுத் துண்டுகளைக் கூட்டி எறியாதீர்கள். அம்மாவுடையதோ ஆச்சியுடையதோ நைந்த நூல்சீலை ஒன்றைத் தேடி எடுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, கழுத்தைக் கட்டும்போது நூலின் ஒரு முனையை அதன் கையில் கொடுங்கள். இந்தக் கலையைப் பிள்ளை படிப்பது அந்த இடத்தில்தான்.