காண்பிக்கப்பட்டது: ஒரு பயிற்சிக் குறிப்பேட்டை வாசித்தல்

குத்துக்கல்வலசையில் இருக்கும் என் அக்கா மகள் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழகிய நாட்களில் எழுதிய குறிப்பேட்டைக் கொண்டுவந்து, "எழுத்துப் பிழை மட்டும் பாத்துக் குடுங்க மாமா" என்று தந்தாள். பிழை அதிகமில்லை. நாலைந்து பக்கம் தாண்டியதும் பிழை பார்ப்பதை விட்டுவிட்டு அதை ஒரு பிரதியாக வாசிக்கத் தொடங்கினேன். கவிதைத் தொகுப்புகளையும் நாவல்களையும் மட்டுமே கட்டுடைத்துக்கொண்டிருக்கிற நமக்கு இது ஒரு மாறுதலாகவும் இருக்கும்.

மூன்றாம் வகுப்பு, தமிழ். "விரைவுக் குறியீடு மூலம் காணொளி காண்பிக்கப்பட்டது. மாணவர்கள் ஆர்வத்துடன் உற்றுநோக்கினர். கற்றல் விளைவு அடையப்பட்டது." அடுத்த பக்கம் கணக்கு. அங்கேயும் காண்பிக்கப்பட்டது, அடையப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் இதேதான். காண்பித்தது யார், அடைந்தது யார்? எழுவாயைக் காணோம். வீட்டில் யாராவது 'சோறு தின்னப்பட்டது' என்று சொல்கிறோமா? செய்தவளை மறைத்துவிட்டுச் செய்கையை மட்டும் மிச்சம் வைக்கிற இந்த 'படு' தாலுகா ஆபீசின் இலக்கணம். பத்தொன்பது வயசுப் பெண்ணின் கைக்குள் அது எப்படி வந்து உட்கார்ந்தது என்பதுதான் என் கேள்வி.

அன்று வகுப்பில் என்ன நடந்தது என்று அவளையே கேட்டேன். "அன்னைக்குச் சாரல் மாமா. நெட்டு நின்னுபோச்சு. திரையில அந்த வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு. பிள்ளைய எல்லாம் அதையே பாத்துக்கிட்டு இருக்கு. ஒரு பய எந்திரிச்சு, 'டீச்சர், கொடைக்கு வந்த ராட்டினம் மாதிரில்லா சுத்துது'ன்னான். அப்புறம் ஆளாளுக்கு ராட்டினத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டு. வாயே தொறக்காத ஒரு பிள்ள, தான் ஏறப் பயந்து அழுத கதைய முழுசாச் சொல்லிச்சு."

"அத ஏம்ளா எழுதல?"

"எழுதுனா மார்க்கு போயிரும் மாமா."

ஆக, அந்தப் பருவத்தின் நல்ல மொழிப்பாடம் எந்திரம் நின்றுபோன அரைமணி நேரத்தில் நடந்திருக்கிறது. குறிப்பேட்டில் அதற்கு இடமில்லை. நடக்காத காணொளிக்கு இருக்கிறது.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். செலவில்லாத தொழில்நுட்பம். தன் விடுதியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே எட்டு வயசுப் பையன் ஒருவனைப் பிடித்துச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். நம் திண்ணைச் சட்டாம்பிள்ளைதான்; ஆனால் 1797இல் லண்டனில் புத்தகமாகி, 'மெட்ராஸ் முறை' என்று உலகம் சுற்றியது. பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இந்தப் பள்ளியைத்தான், 1975இல் வெளியான தண்டனை பற்றிய நூலில் ஃபூக்கோ கற்பிக்கும் எந்திரமாகப் பார்த்தார். சைகைக்குச் சைகை, நிமிஷத்துக்கு நிமிஷம், எல்லோரும் எல்லோர் கண்ணிலும். நான் கவனிக்கிற இடம் வேறு: கருவியை ஆசிரியர் மறுத்தபோது அவரைவிட மலிவான ஓர் ஆள் உள்ளே கொண்டுவரப்பட்டார். பாருங்கள், எனக்கும் 'படு' வந்துவிட்டது.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. எந்தப் பிள்ளை எந்த நிலை என்பது செயலியில் ஏற வேண்டும். ஏற்றுவதற்கே நேரம் போகிறது, பாடம் எப்போ நடத்த என்று ஆசிரியர்கள் புலம்பினார்கள். 2023இல் திட்டத்தின் நிலையைச் சோதிக்க பி.எட். மாணவர்களை வகுப்பறைக்கு அனுப்பியபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்து நின்றன. சங்கங்களின் கோபத்தில் கொஞ்சம் அந்தஸ்துப் பிரச்சினையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கற்பிக்கப் பழக வேண்டிய பிள்ளையைக் கணக்கெடுக்கப் பழக்குகிற ஏற்பாடு பெல்லின் ஏற்பாட்டிலிருந்து எவ்வளவு தூரம்? என் அக்கா மகள் படிப்பது பட்டயம். அவளை யாரும் அப்படி அனுப்பவில்லை. ஆனால் அவள் குறிப்பேட்டின் மொழி ஏற்கனவே சோதனைக்காரியின் மொழிதான்.

இங்கே நம் தோழர்களோடும் ஒரு சண்டை இருக்கிறது. 'போனைத் தூக்கிப் போடு, மண்ணும் மரநிழலும் போதும்' என்கிறார்கள். அந்த மணலில் யார் விரல் வைக்க விட்டார்கள்? தலித் பிள்ளை திண்ணைக்குக் கீழேகூட நிற்க முடியாத காலத்தை மரநிழல் என்று பாடினால் எப்படி? இப்படிப் பேசுகிறவர்களின் சொந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில், என்ன கருவியோடு படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். தொற்றுக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. 2019இலேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அப்போது பாடம் நடத்தியது. ஆனால் பீடி சுற்றுகிற வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பா சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும். எனவே 2024இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன் வகுப்பறையும் ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும் வந்ததைச் சந்தேகத்தோடாவது வரவேற்கிறேன்.

ஃபிரைரேயை மேற்கோள் காட்டாமல் நம் ஆட்கள் கல்வி பற்றிப் பேசுவதில்லை. வங்கிமுறைக் கல்வி என்ற சொல் எல்லோருக்கும் மனப்பாடம். 1963இல் பிரேசிலின் ஆங்கிகோஸ் ஊரில் தொழிலாளிகளுக்கு எழுத்தறிவு கொடுத்த அந்தக் காலத்தில், போலந்திலிருந்து மலிவாக வாங்கிய படவீழ்த்திகளை அவர் பயன்படுத்தினார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சுவரில் ஒரு படம் விழும். பிறகு பேச்சு. படம் நிற்கும், மனிதர்கள் பேசுவார்கள். நம் காணொளியில் படம் பேசுகிறது, பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். வித்தியாசம் மின்சாரத்தில் இல்லை.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலைப் பற்றி எனக்கு ஆயிரம் புகார் உண்டு. ஆனால் அந்த அட்டைகள் ஆசிரியரைப் பாயில் உட்கார வைத்தன, கரும்பலகையைச் சுவரடிக்கு, பிள்ளை உயரத்துக்கு இறக்கின. சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய காரியம். திறன் வகுப்பறையின் திரை மறுபடியும் சுவரில் மேலே ஏறிவிட்டது. பிள்ளைகளின் கழுத்து நிமிர்ந்தே இருக்கிறது.

குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. இரண்டு மூன்று சந்திப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். மார்க்கு அவளுக்கு முக்கியம். ராட்டினக் கதையை மட்டும் தனியாக எழுதி வை என்றேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். பிறகு ஒருநாள் போனில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் நடக்கிற வேலையைச் சொல்கிறது: இலை வெட்ட, தூள் வைக்க, நூல் சுத்த, கட்டு எண்ண. அதை வகுப்பில் திரும்பப் போட்டாளாம்.

"தன் குரலக் கேட்டதும் ஒண்ணு ரெண்டு வெக்கப்பட்டு டெஸ்குக்கு அடியில போயிட்டு மாமா. ஒருத்தி, 'இது நான் இல்ல டீச்சர்'னு சாதிக்கா. அப்புறம் அந்த வார்த்தைகளத்தான் எழுதிப் போட்டேன்."

அதை அவள் புது நோட்டில் எழுதியிருக்கிறாள். பயிற்சிக் குறிப்பேட்டில் அதே தேதிக்கு எதிரே இருப்பது: "ஒலிப்பதிவு ஒலிபரப்பப்பட்டது. மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர்." பயிற்சி மாணவர்கள் யாரிடமாவது இப்படி இரண்டாவது நோட்டு இருந்தால் எனக்கு வாசிக்கத் தாருங்கள்.