விலையில்லா விளையாட்டுக்கள் சில: ஒரு விமர்சன நோக்கு

வீடியோ விளையாட்டு என்றவுடன் படித்தவர் மத்தியில் இருவகை மனப்பாங்குகள் வெளிப்படுவதை அவதானிக்கலாம். இளைஞரின் நேரத்தையும் கண்பார்வையையும் கெடுக்கும் கேளிக்கை என ஒதுக்கிவிடுவது ஒன்று. கோடிக்கணக்கான டொலர் புரளும் பெருந்தொழில் என வியந்துவிட்டு அப்பாற் செல்வது மற்றொன்று. முன்னையதில் ஒழுக்கவியல் உண்டு. பின்னையதிற் பொருளியல் உண்டு. இரண்டிலும் விமர்சனம் இல்லை. நாவலும் திரைப்படமும் தோன்றிய காலங்களில் அவை பற்றியும் இத்தகைய பேச்சுக்களே நிலவின என்பது கலை இலக்கிய வரலாறு பயின்றோர் அறிந்ததே. ஒரு வடிவம் தனக்கேயுரிய முறையிற் பொருளுணர்த்தத் தொடங்கும்பொழுதே அது விமர்சனத்துக்கு உரியதாகின்றது. வீடியோ விளையாட்டு அவ்வாறு தொடங்கிவிட்டதா என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவுக்கான விடையைப் பெரிய கொம்பனிகளின் வெளியீடுகளிலே தேடுவது பெரும்பாலும் பயனற்றது. நூற்றுக்கணக்கானோர் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கும் ஒரு பண்டத்தில் இடப்பட்ட மூலதனம் மீண்டாக வேண்டும். ஆகவே ஏற்கெனவே விற்றது மீண்டும் விற்கப்படுகின்றது. கதை மாறும், காட்சியின் பளபளப்பு ஆண்டுக்காண்டு கூடும், ஆடுபவர் செய்யும் செயல் மட்டும் மாறாது. சுடுதல், சேகரித்தல், கைப்பற்றல் என்பனவே அச்செயல்கள். தனியொருவரோ இருவரோ ஆக்கி விலையின்றி வெளியிடும் விளையாட்டிலேதான் அச்செயலையே மாற்றிப் பார்க்கும் துணிவு சாத்தியமாகின்றது.

எனினும் 'இலவசம்' என்ற சொல்லை நம்பி ஏமாறலாகாது. கைத்தொலைபேசிகளிற் பரவியுள்ள இலவச விளையாட்டுக்களிற் பெரும்பாலானவை தூண்டிலில் மாட்டிய புழுவை ஒத்தவை. வாயிலிற் கட்டணமில்லை; உள்ளே ஒவ்வொரு படியிலும் உண்டு. காத்திருப்பதும் தோற்பதும் அங்கு ஆட்டத்தின் பகுதிகளல்ல. பணப்பையைத் திறக்கச் செய்யும் உபாயங்கள். அவை இங்கு விலக்கப்படுகின்றன. ஆக்கியோன் தானே கையளித்த படைப்புக்களே ஈண்டு நோக்கப்படுவன.

அமெரிக்கரான ஜேசன் றோறர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாசேஜ்' இவ்வகையில் முதலிற் பரிந்துரைக்கத்தக்கது. அது ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும். திரையில் அகன்ற, மிக ஒடுங்கிய ஒரு பட்டை. அதிலே இளைஞன் ஒருவன் இடமிருந்து வலமாக நடக்கின்றான். வழியில் ஒரு பெண் நிற்கின்றாள். அவளைத் தீண்டினால் இருவரும் இணைந்து நடப்பர். இணைந்து நடப்போருக்கு முன்னேறும் ஒவ்வோரடிக்கும் இரட்டிப்புப் புள்ளி கிடைக்கும். ஆனால் தனியன் நுழையக்கூடிய குறுகிய இடைவெளிகளில் இருவராக நுழைய முடியாது. அவ்விடைவெளிகளுக்கு அப்பாலே பொற்பெட்டிகள் கிடக்கின்றன. தொடக்கத்திலே திரையின் இடப்புறத்தில் நிற்கும் இளைஞனுக்கு வரவிருப்பவை யாவும் வலப்புறத்தில் மங்கித் தெரியும். வயதேற வயதேற அவன் வலப்புறமாக ஒதுங்குகின்றான். இப்போது மங்குவது கடந்த வழி. துணைவி இறக்கின்றாள், அவனது நடை தளர்கின்றது, பின்னர் அவனும் இறக்கின்றான்.

இவ்விளையாட்டில் உரையாடல் இல்லை. திருமணம் ஒருவருக்கு எதனைத் தருகின்றது, எதனை மறுக்கின்றது என்பதை எவரும் சொல்வதுமில்லை. இடைவெளியில் நுழைய முயன்று நுழைய முடியாமல் நிற்கும் கணத்தில் ஆடுபவரின் விரல் அதனை அறிகின்றது. நாவலாசிரியன் ஒரு பந்தியில் விளக்குவதை இங்கு ஓர் ஆட்டவிதி செய்துவிடுகின்றது. நியூயோர்க்கிலுள்ள நவீனக் கலை அரும்பொருட்சாலை 2012இல் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட 14 வீடியோ விளையாட்டுக்களில் இதுவும் ஒன்று. அரும்பொருட்சாலையின் அங்கீகாரம் கலைத்தன்மைக்குச் சான்றாகாதெனினும், மேலே கூறிய முதலாவது மனப்பாங்குடையோர் இதனைக் கவனத்திற் கொள்வது நன்று.

விதியே பொருளாகும் இம்முறை சமூக வாழ்வை நோக்கித் திரும்பும்போது எவ்வளவு கூர்மை பெறக்கூடும் என்பதற்கு லூக்காஸ் போப்பின் 'றிப்பப்ளியா ரைம்ஸ்' தக்க உதாரணமாகும். பெரிய அமெரிக்க நிறுவனமொன்றிற் பணியாற்றி விலகிய போப், 48 மணித்தியாலங்களுக்குள் ஒருவர் தனித்து ஒரு விளையாட்டை ஆக்கவேண்டும் என்ற நிபந்தனையுடைய 'லூடும் டேர்' போட்டிக்காக, 2012 ஏப்பிரலில் இதனை உருவாக்கினார். ஆடுபவர் ஓர் அரசாங்கப் பத்திரிகையின் ஆசிரியர். அயல்நாட்டுடனான போர் முடிந்துள்ளது, கிளர்ச்சி அடக்கப்பட்டுள்ளது, மக்களிடம் அரசின்மீது விசுவாசம் இல்லை. அதனை வளர்ப்பதே ஆசிரியரின் பணி. அவர் தவறான வழியில் தூண்டப்படாதிருக்கும் பொருட்டு அவருடைய மனைவியும் பிள்ளையும் 'பாதுகாப்பான இடத்தில்' வைக்கப்பட்டுள்ளனர் என்ற செய்தியும் முதல் நாளே தெரிவிக்கப்படுகின்றது.

நாள்தோறும் செய்திகள் வந்துகொண்டிருக்கும். அவற்றுட் சிலவற்றைத் தெரிந்து, பெரிதாகவோ நடுத்தரமாகவோ சிறிதாகவோ பக்கத்தில் அமைத்து, பொழுது முடியுமுன் அச்சுக்கு அனுப்பவேண்டும். அரசுக்குச் சாதகமான செய்தி விசுவாசத்தைக் கூட்டும். வானிலையும் கேளிக்கையும் வாசகரைக் கூட்டும். வாசகர் இல்லாத பத்திரிகையினால் அரசுக்கும் பயனில்லையாதலால் இரண்டையும் கலந்து பரிமாற வேண்டியிருக்கின்றது. இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது யாதெனில், இவ்வாசிரியர் ஒரு பொய்யையேனும் எழுதுவதில்லை என்பதாகும். பொய் எழுதுவதற்கான பொத்தானே விளையாட்டில் இல்லை. வந்த செய்திகளுள் எதை விடுவது, எதற்கு எத்தனை அங்குலம் கொடுப்பது என்பன மட்டுமே அவர் கையில் உண்டு. பிரசாரம் என்பது பொய்யுரை என்றே எண்ணிப் பழகியோருக்கு, உண்மைகளை அடுக்கும் முறையாலேயே அது நடந்தேறுவதைத் தம் கையாலேயே செய்து பார்க்கும் அனுபவம் இலேசில் மறக்கத்தக்கதன்று. இரண்டாம் மூன்றாம் நாட்களில் ஆடுபவர் செய்தியின் தலைப்பை வாசிப்பதைக்கூட விட்டுவிட்டு, அது எந்த வகையினது என்பதை மட்டும் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். அத்தொழிற்பழக்கத்தை இவ்வளவு விரைவிற் பிடித்துக்கொள்ள முடிகின்றதே என்பதுதான் இவ்விளையாட்டின் மிகக் கசப்பான கண்டுபிடிப்பு.

பின்னர் கிளர்ச்சியாளர் இரகசியமாகத் தொடர்புகொள்கின்றனர். அவர்கள் கேட்பது விசுவாசத்தைக் குறைக்கும்படி. அதே மேசை, அதே செய்திகள், அதே மூன்று அளவுகள். திசை மட்டும் எதிர். ஆட்சி வீழ்ந்தபின் பத்திரிகை 'டெமோக்கிறியா ரைம்ஸ்' எனப் பெயர் மாறுகின்றது; ஆசிரியரின் தொழில் மாறவில்லை. இம்முடிவு அவநம்பிக்கைவாதம் என்று சிலர் குறை கூறலாம். அக்குறையில் நியாயமும் உண்டு. எல்லா மாற்றமும் பெயர்மாற்றமே என்று கூறுவது, மாற்றத்துக்கு உழைத்தோரின் அனுபவத்தைப் பொய்யாக்குவதாகும். ஆயினும் போப் இங்கு வரலாற்றைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மேசையைப் பற்றியே பேசுகிறார். அம்மேசையில் இருப்பவருக்கு எவ்வித அதிகாரம் உண்டு, எவ்விதம் இல்லை என்பதில் அவர் பார்வை தவறவில்லை. 2013இல் அவர் வெளியிட்ட 'பேப்பேர்ஸ், பிளீஸ்' இதே நோக்கை எல்லைச் சாவடி அதிகாரி ஒருவரின் மேசையில் வைத்து விரிவாக ஆராய்கின்றது. அது விலைக்கு விற்கப்படுவதாதலின் இங்கு விரிக்க வேண்டியதில்லை.

உறுகுவே நாட்டவரான கொன்சாலோ பிறாஸ்காவின் 'செப்டெம்பர் 12' (2003) இன்னும் எளிமையானது. மத்திய கிழக்கு நகரொன்றின் சந்தை. அங்கே பொதுமக்களிடையே ஆயுதந் தரித்த சிலர் திரிகின்றனர். ஆடுபவர் ஏவுகணை வீசலாம், வீசாமலும் விடலாம். வீசினால் அது சற்றுத் தாமதித்தே விழும், அதற்குள் இலக்கு நகர்ந்திருக்கும், வீடுகள் இடியும், பொதுமக்கள் மடிவர். மடிந்தோருக்காக அழுவோர் ஆயுததாரிகளாக மாறுவர். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. பிறேசில் நாட்டு அரங்கியலாளர் அகஸ்ரோ போலின் கருத்துக்களை வீடியோ விளையாட்டுக்குப் பொருத்தி 2001இல் தமது முதுமாணி ஆய்வை எழுதியவர் பிறாஸ்கா. பார்வையாளனை மேடையேற்றிச் செயற்படுபவனாக்க வேண்டும் என்ற போலின் கொள்கை இவ்வடிவத்தில் இயல்பாகவே பொருந்திவிடுவதை நாடகத்துறை மாணவர் ஆராய்வது பயன்தரும். ஆனால் படைப்பு என்ற வகையில் இதன் குறை வெளிப்படையானது. ஒரு கருத்து, அது விளங்கியதும் ஆட்டம் முடிந்தது. இறப்போருக்கு முகமில்லை, பெயரில்லை, வாழ்வில்லை. ஏவுகணை வீசுபவரின் மனச்சாட்சிக்காகவே அவர்கள் அங்கு நடமாடுகின்றனர். வீசுபவரைக் கண்டிக்கும் படைப்பும் வீசுபவரின் உயரத்தில் இருந்தே நோக்குகின்றது.

இத்தாலியரான பவுலோ பெடர்ச்சினி 'மொலெயிண்டஸ்ற்றியா' என்ற பெயரில் 2003 முதல் வெளியிட்டுவரும் விளையாட்டுக்களுள் 'எவ்ரி டே த சேம் ட்றீம்' (2009) தனித்துக் குறிப்பிடத்தக்கது. கழுத்துப்பட்டி அணிந்த ஒருவன் தினமும் எழுந்து, மனைவியைக் கடந்து, மின்னுயர்த்தியில் இறங்கி, வாகன நெரிசலினூடே அலுவலகம் சென்று, தன்னைப் போன்றே அமர்ந்திருக்கும் பலரிடையே தன் இருக்கையை அடைகின்றான். இந்நியதியை எங்கெங்கே மீறலாம் என்பதைக் கண்டறிவதே ஆட்டம். உடையின்றி வெளியே போகலாம். வாகனத்தை நிறுத்திவிட்டு வயலில் மேயும் பசுவிடம் போகலாம். உதிரும் இலையொன்றை ஏந்தலாம். கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்கவும் செய்யலாம். சலிப்பைச் சலிப்பூட்டாமல் உணர்த்துவதில் இது பெற்றுள்ள வெற்றி பெரிது. எனினும் மீறல்கள் யாவும் தனியனின் மீறல்களே. பக்கத்து இருக்கையில் இருப்பவனுடன் பேசுவதற்கு வழியேயில்லை. தொழிலாளரின் அந்நியமாதலைச் சித்திரிக்க முனைந்தவர், அதிலிருந்து மீள்வதற்கும் தனித்த வழிகளையே காட்டியிருப்பது முரண்பாடாகும்.

இவற்றுட் சில 'பிளாஷ்' என்ற மென்பொருளில் ஆக்கப்பட்டவை. 2020ஆம் ஆண்டின் இறுதியோடு அதன் உரிமையாளர் அதனைக் கைவிட்டபோது, அவ்வடிவில் அமைந்த ஆயிரக்கணக்கான படைப்புக்கள் ஒரே நாளில் இயங்காப் பொருள்களாயின. ஏட்டுச்சுவடிகளைச் செல்லரித்த கதையை அறிந்தோருக்கு இது புதிதன்று. செல் இவ்வளவு வேகமாக அரித்ததுதான் புதிது. 2018இலேயே ஆர்வலர் சிலர் தொடங்கிய 'பிளாஷ்பொயின்ற்' சேகரமும், தொண்டர்களால் ஆக்கப்பட்ட 'றபிள்' என்னும் மென்பொருளும் இவ்வழிவைத் தடுத்துநிற்பதனாலேயே அவற்றுட் பல இன்றும் ஆடக்கூடியனவாக உள்ளன.

மேற்கூறியவை யாவும் குறுகியவை. நெடும்பொழுது ஆடத்தக்க கதை வேண்டுவோர் யப்பானியரான டைசுக்கே அமாயாவின் 'கேவ் ஸ்ரோறி'யை நாடலாம். ஐந்து ஆண்டுகள், தனியொருவராக, ஓவியமும் இசையும் உட்பட யாவற்றையும் தாமே ஆக்கி, 2004 டிசெம்பரில் அவர் அதனை விலையின்றி வெளியிட்டார். ஆங்கிலத்தில் அதனைப் பெயர்த்தோரும் ஊதியம் பெறாத ஆர்வலரே. மிதக்கும் தீவொன்றிலே நினைவிழந்து விழித்தெழும் ஓர் இயந்திர மனிதனின் கதை அது. சுடுதலும் தாவுதலுமாகிய பழைய இலக்கணத்தையே அது கையாள்கின்றது. ஆனால் ஓரிடத்தில் அவ்விலக்கணம் திடுக்கிட வைக்கின்றது. பள்ளத்தில் வீழ்ந்து கிடக்கும் பேராசிரியர் ஒருவரிடம் இரக்கத்தோடு சென்று பேசினால், அவர் ஒரு கருவியைத் தந்துவிட்டு இறந்துவிடுவார். பேசாமற் பள்ளத்தைத் தாண்டிச் சென்றுவிட்டால் அவர் பிழைத்துக்கொள்வார். கதையின் நல்ல முடிவும் அதிலேயே தங்கியுள்ளது. இதனை முன்கூட்டி அறிய வழியில்லை. அன்புக்குத் தண்டனை விதிக்கும் இவ்விதி ஆழமான உண்மையா, ஆக்கியோனின் குறும்பா என்பதில் ஆடியோரிடையே கருத்தொருமை இல்லை. குறும்பு என்று கொள்வதே பொருத்தம். உண்மையாயின், அதனை ஊகிப்பதற்கு ஒரு சிறு குறிப்பாவது கதையினுள் இருந்திருக்க வேண்டும்.

1987 முதல் தொண்டர் குழுவொன்றினாற் பேணப்பட்டுவரும் 'நெற்ஹாக்' மூலநிரலோடு பொதுவுடைமையாக விளங்குவது. அதனை ஆடிப் பார்க்கப் பொறுமை மிகுதியும் வேண்டும்; வரலாற்று முக்கியத்துவத்துக்காக இங்கு பெயர் மட்டும் சுட்டப்படுகின்றது.

இறுதியாக, டார்ன் அடம்ஸ், சக் அடம்ஸ் என்னும் அமெரிக்கச் சகோதரர் 2006இல் வெளியிட்டு இன்றுவரை வளர்த்துவரும் 'டுவார்ப் போர்ட்ரெஸ்'. நிலத்தின் அடியிற் கோட்டை அகழும் குள்ளர் கூட்டமொன்றைப் பரிபாலிப்பதே ஆட்டம். ஆட்டம் தொடங்குமுன்னரே கணினி ஓர் உலகைப் படைத்து, அதன் போர்களையும் வமிசங்களையும் பல நூற்றாண்டு வரலாறாக எழுதிவிடுகின்றது. காட்சியோ வெறும் எழுத்துக்களும் குறியீடுகளும். அதன் நுணுக்கம் எத்தகையதெனில், 2015இல் பூனைகள் காரணமின்றி இறக்கத் தொடங்கியபோது, மதுச்சாலையிற் சிந்திய மதுவை மிதித்த பூனைகள் தம் பாதங்களை நக்கிச் சுத்தம் செய்ததால் போதையேறி மாண்டன என்பது ஆராய்ந்தபின் தெரியவந்தது. எவரும் எழுதாத இக்கதையை விதிகள் தாமே ஒன்றோடொன்று மோதி எழுதின. கோட்டை என்றோ ஒருநாள் வீழ்ந்தே தீரும். அவ்வீழ்ச்சியை இரசிப்பதே ஆடுவோரிடையே மரபு.

கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற டார்ன் அடம்ஸ் பல்கலைக்கழக வாழ்வை விட்டு இப்பணிக்கு வந்தவர். ஆடுவோர் மனமுவந்து அனுப்பிய நன்கொடையே நெடுங்காலம் சகோதரரின் வருவாய். இலவசப் படைப்பு எவ்வித விலையுமின்றி உருவாவதில்லை என்பது இவ்விடத்திலேதான் வெளிப்படுகின்றது. அவ்விலையை ஆக்கியோனின் உடலும் குடும்பமும் செலுத்துகின்றன. குடும்பத்தில் நேர்ந்த கடும் நோயும் அதன் மருத்துவச் செலவும் எதிர்காலத்தைப் பற்றி அஞ்சவைத்ததாக அவர்கள் 2019இல் வெளிப்படையாகத் தெரிவித்து, உருவப்படங்களோடு கூடிய விலைப்பதிப்பொன்றை அறிவித்தனர். அது 2022 டிசெம்பரில் வெளிவந்து, ஒரு மாதத்தினுள் ஏறக்குறைய 5 இலட்சம் பிரதிகள் விற்பனையாகியது. சந்தைக்குச் சென்றமை கொள்கைப் பிறழ்வென்று கூறுவோர், பதினாறு ஆண்டுகள் அவர்கள் கேட்காது கொடுத்ததை மறந்தே அவ்வாறு கூறவியலும். பழைய பதிப்பும் நிறுத்தப்படவில்லை. புதிய திருத்தங்களுடன் இன்றும் விலையின்றியே கிடைக்கின்றது. பூனை பூனையாகத் தெரிவது விலைக்குரிய பதிப்பில். இலவசப் பதிப்பில் அது இன்னும் ஆங்கிலச் 'சி' எழுத்துத்தான்.