'உடஞ்ச' மலாயும் மொழியியலாளரும்

கொம்பனித்தெருவில் எனக்கொரு மலாய் நண்பர் இருக்கிறார். ஒரு நாள் அவருடைய உம்மாவிடம், "வீட்டில பேசுறது மலாய்தானே?" என்று கேட்டேன். "எங்கடது உடஞ்ச மலாய் மகன். சரியான மலாய் மலேசியாவிலதான்" என்றார்.

மொழியியலாளர்களின் பணியை இந்த 'உடஞ்ச' என்ற சொல்லைக் கொண்டே மதிப்பிட விரும்புகிறேன்.

இலங்கை மலாய் பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. செபஸ்தியான் நோர்டோஃப் மலையகப் பேச்சுக்கு விரிவான இலக்கணம் எழுதினார் (2009). உம்பர்ட்டோ அன்சால்டோவும் லிசா லிம்மும், பிள்ளைகள் இன்னும் இம்மொழியைப் பேசிய கிரிந்தவில் பதிவுகள் செய்தனர். இவர்கள் காட்டியது, இது உடைந்த மொழியல்ல என்பதையே. மலேசியாவில் 'கெ ருமா' என்பதை இங்கே 'ரூமாநங்' என்கிறார்கள். நம்முடைய 'வீட்டுக்கு' என்பதைப் போலவே உருபு பின்னால் வருகிறது. இந்த அமைப்பு முஸ்லிம்களின் தமிழிலிருந்து, திருமண உறவுகள் வழியாக வந்தது என்பது ஹுசைன்மியா போன்றோரின் கருத்து. தமிழுக்கு மட்டும் அவ்வளவு இடம் கொடுப்பதை அன்சால்டோ ஏற்கவில்லை. சிங்களத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறார். எப்படியிருந்தாலும் இது இந்த மண்ணில் விளைந்த இலக்கணம்.

என்னுடைய குறை இதுதான்: இவ்வளவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, அந்த உம்மாவின் காதுக்கு எட்டவில்லை. மொழியைக் காப்பாற்றப் புறப்பட்ட சமூகம் மலேசிய மலாயைப் படிக்கத் தொடங்கினால், வீட்டு மலாய் இன்னும் விரைவாகத் தேயக்கூடும். இந்தச் சங்கடத்தை அன்சால்டோவும் லிம்மும் 2006ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். நோயை அறிந்து சொன்னார்கள். ஆனால் சொன்னது சக அறிஞர்களிடம். சமூகத்துக்குள்ளிருந்தே அகராதி தொகுத்த பி. டி. கே. சல்தினின் உழைப்பு இந்த வகையில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1869இல் அரபு எழுத்தில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையைக் கொழும்பில் நடத்திய சமூகம் இது. அரபுத் தமிழைக் கைநழுவ விட்ட நமக்கு இந்த இழப்பு விளங்காததல்ல.

பிள்ளைக்குப் பேச்சைக் கொடுப்பவள் உம்மாதான். எந்த மொழியியலாளரும் அதைச் செய்ய முடியாது. ஆனால் "உங்கட பாஷை உடஞ்சதில்ல உம்மா" என்று அவளுக்கு விளங்கும் மொழியில் ஆதாரத்தோடு சொல்ல அவரால் முடியும். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.