ஜகாருக்கும் லோண்டோவுக்கும் நடுவில் 16 ஆண்டுகள்

லோண்டோ மொலாரியும் ஜகாரும் எந்த ஜென்மத்திலும் சேர முடியாதவர்கள். அந்த இருவரைச் சேர்த்து ரசிகர்கள் எழுதிக் குவிக்கும் கதைகளுக்கு நான் அடிமை!

'பாபிலோன் 5', 1994 முதல் 1998 வரை ஓடிய அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடர். 110 எபிசோடுகளில் 92-ஐ ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ஒருவரே எழுதினார். லோண்டோ சென்டாரிப் பேரரசின் தூதர். ஜகார், அந்தப் பேரரசின் கீழ் நூறாண்டு நசுங்கிக் கிடந்த நார்ன் இனத்தின் தூதர். இரண்டாம் சீசனில் லோண்டோவின் பதவி ஆசை, ஜகாரின் கிரகத்தை விண்ணிலிருந்து பாறைகளை எறிந்து அழிப்பதில் போய் முடிகிறது. இதற்குப் பிறகு காதலா? ஆமாம், காதல்தான்.

மூன்றாம் சீசனில் இருவரும் ஒரு லிஃப்டில் சிக்குகிறார்கள். லோண்டோவைக் கொன்றால் பழிக்கு 500 நார்ன்கள் சாக வேண்டும். அதனால் ஜகார் கையைக் கட்டிக்கொண்டு, அவன் தானாகச் சாகட்டும் என்று சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். ஜகாராக நடித்த ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸின் அந்தச் சிரிப்பு! அடுத்த சீசனில் பித்துப் பிடித்த பேரரசன் கார்டேஜியா, ஜகாரைச் சாட்டையால் அடிக்க வைக்கிறான். நாற்பது அடிக்குள் கதறாவிட்டால் மரணம். ஓரமாக நிற்கும் லோண்டோ, கதறிவிடு, கதறிவிடு என்று வாய்க்குள்ளேயே கெஞ்சுகிறான். லோண்டோவாக நடித்த பீட்டர் ஜுராசிக்கின் முகத்தை அந்த நிமிடத்தில் பாருங்கள். எனக்கு விதை விழுந்தது அங்கேதான்.

கடைசி சீசனில் ஜகார், என் இனம் உன் இனத்தை என்றைக்கும் மன்னிக்காது, ஆனால் நான் உன்னை மன்னிக்கிறேன் என்கிறார். கதைப்படி அது 2262. பிறகு லோண்டோ பேரரசன். தோளில் அவனை ஆட்டிவைக்கும் ஓர் ஒட்டுண்ணி. குடித்தால் மட்டும் அது சற்று நேரம் தூங்கும். 2278-இல் இருவரும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்தபடி சாகிறார்கள். அதுவும் லோண்டோ கேட்டுக்கொண்டதால்!

இடையில் 16 ஆண்டுகள். அதில்தான் ரசிகர்கள் புகுந்து விளையாடுகிறார்கள். ஒட்டுண்ணி தூங்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இருவரும் என்ன பேசியிருப்பார்கள்? ஜகாருக்கு அனுப்ப முடியாத கடிதத்தை லோண்டோ எப்படி எழுதியிருப்பான்? நல்ல கதைகளில் முத்தம் மலிவாக வராது. அழிந்த ஊர்களின் பெயர்களை லோண்டோவைச் சொல்ல வைத்த பிறகுதான் ஜகார் அவன் பக்கத்தில் உட்காருவார். செய்த குற்றத்தை ஒரு வரிகூடக் குறைக்காமல் காதலை எழுதும் இந்தத் துணிச்சலை அச்சான நாவல்களில்கூட நான் அதிகம் கண்டதில்லை. ஒருவர் முடித்த கதையை இன்னொருவர் தொடர்வது நமக்கும் அந்நியமில்லை: கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முடிந்த இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யைத் தொடங்கவில்லையா?

ஆலங்குளத்திலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில், அச்சகத்தில் வேலை பார்க்கும் என் அத்தை மகளுக்கு இந்தக் கதைகளைத் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். "மதினி, மன்னிச்சதே பெருசு. அதுக்கு மேல என்ன வேணும் ஒங்களுக்கு?" என்று முதலில் சண்டைக்கு வந்தாள். இப்போது ஏறி உட்கார்ந்ததும், "கண்ணு போன ஜகாரு என்ன ஆனாரு?" என்று அவளே ஆரம்பிக்கிறாள்.

முதல் சீசன் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தொடரை முழுதாகப் பார்த்த பிறகே ரசிகர் கதைகளுக்குப் போங்கள். நீளமானவற்றை முதலில் எடுங்கள். சனிக்கிழமை ராத்திரி தொடங்கினால் நல்லது.