தாயகம் திரும்பியோர்: ஒரு சொல்லும் அதன் மறைப்பும்

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் பற்றி எம்மிடையே எழுதப்பட்டவை பலவாகும். எனினும் அவற்றுட் பெரும்பாலானவை தலைமன்னார் இறங்குதுறையோடு நின்றுவிடுகின்றன. கப்பலேறியோர் அக்கரையில் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினாவை எழுப்புமிடத்து, 'தாயகம் திரும்பியோர்' என்ற தொடரையே நாம் முதலில் விமர்சனத்துக்கு உட்படுத்த வேண்டியுள்ளது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் அவர்களது தொகை 975,000 எனக் கணிக்கப்பட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் எக்கட்டத்திலும் கேட்கப்படவில்லை. இவர்களிற் பெரும்பாலோர் இம்மண்ணிற் பிறந்தவர்கள். தாம் காணாத ஒரு நாட்டுக்கு அவர்கள் 'திரும்பியது' எங்ஙனம்?

அவர்கள் விரும்பியே விண்ணப்பித்தனர் என வாதிடுவோர் உளர். ஆயின், இந்தியக் குடியுரிமை கோரியோரின் தொகை ஒப்பந்தத் தொகையை எட்டவில்லை என்பதை அவர்கள் கவனத்திற் கொள்வதில்லை. 1973–74 காலப்பகுதியில் தோட்டங்களிற் பரவிய பட்டினியையும் 1977இன் வன்செயல்களையும் நீக்கிவிட்டு 'விருப்பம்' பற்றிப் பேசுவது வரலாற்று நோக்காகாது.

மறுவாழ்வுத் திட்டங்களின் அடிப்படைக் கோளாறு யாது? கூட்டாக உழைத்து, தொழிற்சங்கத்திற் கூட்டாகப் போராடிய ஒரு தொழிலாளர் வர்க்கத்தை அவை தனித்தனிக் குடும்பங்களாகவே கண்டன. கண்டியில் வழங்கப்பட்ட குடும்ப அட்டையுடன் மண்டபம் முகாமில் இறங்கியோரிற் பெருந்தொகையினருக்குச் சிறுவணிகக் கடனே பரிகாரமாயிற்று. கொழுந்து பறிப்பதிலும் கவ்வாத்து வெட்டுவதிலும் தேர்ந்த கைகளிடம் தராசு கொடுக்கப்பட்டது. முதலும் சந்தையும் அறிமுகமும் அற்றவர் வணிகராக இயலாமை எதிர்பார்க்கத்தக்கதே. மூதாதையரின் கிராமங்களிலும் அவர்களுக்கு நிலமிருக்கவில்லை. சாதியமைப்பு மட்டும் மாறாதிருந்தது. கடன் தீர்ந்தபின் கூலி தேடி மலையேறியோருட் சிலர் கொடைக்கானற் பகுதியிற் கொத்தடிமைகளாக அகப்பட்டிருந்தமை 1980களில் வெளிப்பட்டது.

அவர்களது தொழிற்றிறனைப் பயன்படுத்திய திட்டமும் இருந்தது. நீலகிரியில் 1968இல் அரசுத் துறையாகத் தொடங்கி, 1976இற் கூட்டுத்தாபனமாக மாறிய தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும் வீடும் அளித்தது. அதன் பயனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அங்கும் நிலமும் வீடும் தொழிலாளருக்கு உரிமையாகவில்லை. வேலை முடியும் நாளில் வீடும் முடியும் என்ற பழைய தோட்டத்து நியதியே நீடித்தது. துரையின் இடத்தில் அரசு அமர்ந்தது. 2022இல் அக்கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குக் கையளிக்க ஆணை பிறந்தபோது தொழிலாளர் அஞ்சியதன் காரணம் இதுவே. அரைநூற்றாண்டின் பின்னரும் அம்மலைகளில் அவர்கள் 'சிலோன்காரர்' என்றே சுட்டப்படுகின்றனர். இங்கே 'இந்தியாக்காரர்', அங்கே 'சிலோன்காரர்': இரு அரசுகளும் ஒரு மக்களுக்கு இட்ட பெயர்களின் வரலாறு இதுதான்.

இவ்வனுபவம் பழங்கதையன்று. இன்று மத்திய கிழக்கிலிருந்து திருப்பியனுப்பப்படும் எமது தொழிலாளருக்கும் சுயதொழிற் கடன் ஒரு பரிகாரமாக முன்வைக்கப்படும்போது, மண்டபத்தின் படிப்பினையை நாம் நினைவிற் கொள்ளுதல் அவசியம். திருப்பியனுப்பப்பட்டவனுக்கு நிலம், நிலையான தொழில், ஒன்றுகூடும் உரிமை ஆகியன கிடைக்காவிடின் மறுவாழ்வு என்பது கடத்தலின் இரண்டாங் கட்டமாகவே முடியும்.

எமது ஆய்வாளர்களும் எழுத்தாளர்களும் தலைமன்னாரைத் தாண்ட வேண்டும். கோத்தகிரியிலும் கூடலூரிலும் வாழ்வோரின் வரலாறும் மலையக வரலாற்றின் ஓர் அத்தியாயமே. அதனை எழுதாதுவிடின், கப்பலேற்றியோரின் கணக்கையே நாமும் ஏற்றுக்கொண்டவராவோம்.